குள்ளன் மூழ்க மாட்டான்

அக்டோபர் 5, வெள்ளி

பஸ் டிப்போவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண், சனிக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். ஒரு மேஜை, இருபது முகம் கொண்ட பகடைகள், கேரக்டரின் விவரம் எழுதிய தாள் ஆளுக்கு ஒன்று. நான் கதை சொல்வேன். மற்ற மூவரும் அந்தக் கதைக்குள் வாள்வீரனாகவும் பூசாரியாகவும் புகுந்து பேசுவார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். "கடைசில யாரு ஜெயிப்பாங்க?" என்றாள். யாரும் ஜெயிப்பதில்லை, முப்பது வருடமாக ஆடுகிறோம் என்றேன். பாவம், உடனே வானிலை பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

அக்டோபர் 6, சனி

மதியம் ஆட்டம், என் வீட்டுக் கீழ்த்தளத்தில். கர்ட் ப்ராட்வர்ஸ்ட் தொத்திறைச்சி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தான், வெங்காயம் கருகியிருந்தது. எலக்ட்ரீஷியன் கையில் அடுப்பைக் கொடுத்தால் அப்படித்தான்.

கதையில் மூவரும் படகில் கறுப்பாற்றைக் கடக்கிறார்கள். நான் படகைக் கவிழ்த்தேன். கர்ட்டின் வாள்வீரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். பா ஹுவாவின் வில்லாளி செய்ரா நீந்திக் கரையேறினாள். நார்பர்ட்டின் ஓல்கன் குள்ளர் குலத்துப் பூசாரி, உடம்பெல்லாம் இரும்புக் கவசம், கல் மாதிரி உள்ளே போனான். "உருட்டு" என்றேன். நார்பர்ட் கையைக் கட்டிக்கொண்டான்.

"குள்ளன் மூழ்க மாட்டான். நம்ம வீட்டு விதி."

"எந்த வீட்டுல?"

"இந்த வீட்டுலதான் தாயே. எப்பவோ பேசி முடிச்சாச்சு."

சுவரில் இருக்கும் பலகையைக் காட்டி, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி உரக்க வாசித்தேன். அச்சடித்த விதிப்புத்தகம் சொல்லாததும், சொல்லியும் எங்களுக்குப் பிடிக்காமல் நாங்களாக மாற்றிக்கொண்டதும் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தரையில் விழுந்த பகடை செல்லாது. சாப்பாடு கொண்டு வந்தவர் ஒருமுறை மறுபடி உருட்டலாம். கை தலைமேல் இருந்தால் பேசுவது நீ. இல்லாவிட்டால் பேசுவது உன் கேரக்டர், சொன்னது சொன்னதுதான். செத்தவர் செத்தவர்தான், எந்த மந்திரமும் எழுப்பாது. இந்தக் கடைசி விதி நார்பர்ட்டே எழுதியது. எல்லார் கையும் மேஜைமேல் வந்தால்தான் ஒரு விதி பலகை ஏறும், அதைக் கேட்டவர் தன் கையாலேயே எழுத வேண்டும். குள்ளனைப் பற்றி எங்கேயும் எதுவும் இல்லை.

"அப்ப யாரோ அழிச்சிருக்காங்க" என்றான்.

கடைசியில் உருட்டினான், பதினேழு விழுந்தது, ஓல்கன் பிழைத்தான். யாருக்கும் நஷ்டமில்லை. நார்பர்ட் விதிக்காக மல்லுக்கட்டுவது புதிதல்ல. வாழ்நாள் முழுக்க மருந்துக்கடை நடத்தியவன், அரைப் புள்ளிக்கும் வாதாடுவான், அதில் அவனுக்கு ஒரு குஷி. இன்று குஷியைக் காணோம். முறைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

அக்டோபர் 11, வியாழன்

மூடுபனி. ஏரிச் சாலையில் நான் ஓட்டிய பள்ளி பஸ்ஸுக்கு முன்னால் மான். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உயிர் போய் வந்தது.

அக்டோபர் 20, சனி

அசிங்கமாகப் போய்விட்டது இன்று.

நார்பர்ட் உருட்டியது மூன்று. "மறுபடி உருட்டறேன், இன்னிக்கு சாப்பாடு என்னுது" என்றான். சாப்பாடு அவனுடையது இல்லை. பா ஹுவா தன் அம்மா செய்த முட்டைச்சுருளை ஒரு தட்டு நிறையக் கொண்டு வந்திருந்தாள். நார்பர்ட்டே அதில் ஐந்தாறு தின்றிருந்தான், உதட்டில் எண்ணெய்கூடக் காயவில்லை.

கர்ட் விழுந்து விழுந்து சிரித்தான். "பெருசு, பட்டப்பகல்ல திருடறியே! போன தடவை குள்ளன், இந்தத் தடவை முட்டைச்சுருளா?" பா ஹுவாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

நார்பர்ட் காதுவரை சிவந்துபோனான். "முப்பது வருஷத்துல என்னை யாரும் திருடன்னு சொன்னதில்ல" என்றான். கையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் சொன்னான். அதாவது ஓல்கன் சொல்லவில்லை, அவனே சொன்னான்.

ஏன் இப்படிச் செய்கிறான்? மருந்துச்சீட்டில் ஒரு புள்ளி தப்பியிருந்தாலும் டாக்டருக்கு போன் போட்டவன். தோற்றால் ஓல்கனைத் திட்டுவானே தவிர ஏமாற்ற மாட்டான். வயசானால் புத்தி இப்படியா போகும்? எனக்கும் அறுபத்தொன்று ஆகிறது, நான் ஏமாற்றவில்லையே.

அக்டோபர் 27, சனி

செய்ரா செத்துப்போனாள்.

சுரங்க வாசலில் விஷ ஈட்டி தைத்து விழுந்தாள். அடுத்த முறை நார்பர்ட்டுடையது. பூசாரிக்கு ஒரு நாளைக்கு மூன்று பிரார்த்தனை, ஒரு பிரார்த்தனை ஒரு உயிரைக் காப்பாற்றும். இரண்டுதான் போயிருந்தது. எல்லாருக்கும் தெரியும்.

"தீர்ந்துபோச்சு" என்றான் நார்பர்ட்.

"மாமா, இன்னும் ஒண்ணு இருக்கு மாமா" என்றாள் பா ஹுவா.

"தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு. என்கிட்ட இல்ல."

அவன் கை தலையில் இல்லை, மேஜைமேல் இருந்தது. நான் அவன் கண்ணைப் பார்த்து, "கடைசியா கேக்கறேன், யோசிச்சுச் சொல்லு" என்றேன். அதையே சொன்னான். சொன்னது சொன்னதுதான். ஓல்கன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, செய்ரா செத்தாள்.

கர்ட் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கத்தினான். பா ஹுவா கத்தவில்லை. ஏழு வருடம் வைத்திருந்த செய்ராவின் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். "அடுத்த வாரம் வரமுடியுமான்னு தெரியல அக்கா. க்ளினிக்ல ஆள் கம்மி" என்றாள். அவள் வேலை செய்யும் பல் க்ளினிக் சனிக்கிழமை திறப்பதே இல்லை.

சிரித்ததற்குப் பழி வாங்கிவிட்டான். வேறென்ன?

அக்டோபர் 28, ஞாயிறு

போன் போட்டேன். எப்படிப் பேச வேண்டும் என்று குளிக்கும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன், அவன் குரலைக் கேட்டதும் எல்லாம் பறந்துவிட்டது. "வேணும்னேதான பண்ணின? அந்தப் பொண்ணு உனக்கு என்னடா பண்ணிச்சு? கொஞ்ச நாளைக்கு வராத. யார்கிட்ட என்ன தப்பு பண்ணினோம்னு உக்காந்து யோசி." மறுமுனையில், "சரி" என்றான். வாதாடவில்லை. நார்பர்ட், வாதாடவில்லை.

நவம்பர் 3, சனி

நானும் கர்ட்டும் மட்டும். ஒரே ஒரு ஆளுக்குக் கதை சொல்வது காலி பஸ்ஸை ஓட்டுகிற மாதிரி இருக்கிறது. சீக்கிரம் முடித்துவிட்டுச் சீஸ் கட்டிகளைத் தின்றோம். "பெருசு இல்லாம சண்டை போட ஆளில்ல" என்றான் கர்ட், அது ஏதோ என் தப்பு போல.

நவம்பர் 10, சனி

ஆட்டம் இல்லை. கீழ்த்தளத்தைப் பெருக்கினேன்.

நவம்பர் 14, புதன்

கடையில் வெர்னாவைப் பார்த்தேன். நார்பர்ட்டின் மனைவி. பால் அடுக்கின் முன்னால் நின்றிருந்தாள். பேசாமல் நழுவிவிடலாம் என்று பார்த்தேன், அதற்குள் அவளே கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆர்லிஸ், உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வாரத்துல அந்த ஒரு நாள்தான் அவரு அவரா இருக்காரு. சனிக்கிழமை காலைலயே சட்டை மாத்திக்கிட்டுப் பகடைப் பையை எடுத்து வச்சுடுவாரு."

எனக்குப் புரியவில்லை. போன சனிக்கிழமையுமா என்று கேட்டேன்.

"போன சனிக்கிழமையும்தான். ஏன், உன் வீட்டுக்குத்தான வந்தாரு?"

பொய் சொல்லத் தெரியாத முகம் எனக்கு. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் பால் பாட்டில்களைப் பார்த்தேன். அப்புறம் அங்கேயே, ஆட்கள் வண்டி தள்ளிக்கொண்டு போகிற வழியிலேயே, எல்லாம் சொன்னாள். வசந்தத்திலிருந்தே இப்படியாம். ஞாபகத்துக்கென்று தனி டாக்டராம், படம் எடுத்துப் பார்த்தார்களாம். மெதுவாகத்தான் போகும், ஆனால் போகும் என்றார்களாம். மேஜையில் இருப்பவர்களிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

நாங்கள் மூன்று பேர். நானும் கர்ட்டும் முப்பது வருடம் பழகியவர்கள், பா ஹுவா ஏழு வருடம். அவன் மறக்கிறான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஏமாற்றுகிறான் என்றுதான் தோன்றியது. வேறு எந்த இடமாக இருந்தாலும், "என்னப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று யாராவது கேட்டிருப்பார்கள். நாங்கள் பலகையைக் காட்டினோம்.

பால் வாங்க மறந்து வந்துவிட்டேன்.

நவம்பர் 17, சனி

மான் வேட்டை சீசன் தொடங்கிவிட்டது. கர்ட் காட்டுக்குப் போய்விட்டான், எப்படியும் ஆட்டம் இல்லை. மதியம் நார்பர்ட்டைத் தேடிக் கிளம்பினேன். அதிகம் தேடவில்லை. வடக்குப் பூங்காவில், ஏரியைப் பார்த்தபடி அவன் வண்டி நின்றிருந்தது. கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் ஒரு சாலைவரைபடப் புத்தகம், அதன்மேல் பகடைகள். தனியாக உருட்டிக்கொண்டிருந்தான்.

"வெர்னா சொல்லிட்டாளா?" என்றான்.

"கடையில, பால் அடுக்கு முன்னாடி வச்சு."

"உன் வீட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு மூணு சனிக்கிழமையா இங்கதான். இப்ப நிஜமாவே ஏமாத்துக்காரன் ஆயிட்டேன் பாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையைத் தலைமேல் வைத்தான். வாயை மூடிக்கொண்டேன்.

"விதியெல்லாம் எனக்குத் தெரியுது ஆர்லிஸ். பிரச்சினையே, தேவைக்கு மேல தெரியுது. பலகையில இருக்கறதும் தெரியுது, இல்லாததும் தெரியுது. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. குள்ளன் மூழ்க மாட்டான்னு நாம பேசினது, எந்தப் பக்கம் யாரு உக்காந்திருந்தாங்கன்னுகூட என்னால சொல்ல முடியும். ஆனா அது நடக்கல. அப்படித்தான?"

"நடக்கல."

"அந்தப் பொண்ணு விஷயத்துல, தீர்ந்துபோச்சுன்னுதான் நினைச்சேன். என் வெர்னா மேல சத்தியமா. அவகிட்ட நீ சொல்லு."

"நீயே சொல்லு. ஏன் எங்ககிட்ட மறைச்ச?"

"சொன்னா விட்டுக்குடுப்பீங்க. தரையில விழுந்தத எண்ணுவீங்க. நாலு விழுந்தா பதினாலுன்னு சொல்லுவீங்க. எனக்கு அப்படி ஒரு ஆட்டம் வேண்டாம். அதுக்கு வீட்லயே உக்காந்து ஜன்னலைப் பாத்துட்டிருப்பேன்."

கையை இறக்கினான். நான் அழுதேன். போனில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நீ நடத்தறவ, உன் தீர்ப்பு" என்றான். அதற்கும் சேர்த்து அழுதேன்.

நவம்பர் 20, செவ்வாய்

ரூட் ஓட்டும்போதெல்லாம் இதே யோசனை. அவன் சொல்கிற தப்பான விதிக்குத் தலையாட்டினால் அது பிச்சை போடுவது. தலையாட்டாவிட்டால் வாராவாரம் நாலு பேர் முன்னால் அவனைத் தப்பென்று நிரூபிப்பது. இரண்டும் அவனைத் துரத்திவிடும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கத்தானே வேண்டும்?

நவம்பர் 21, புதன்

இருக்கிறது. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. இதில் இருக்கும் ஒவ்வொரு விதியும் ஒருநாள் ஆட்டத்தின் நடுவே யாரோ வாய்க்கு வந்ததைச் சொன்னதுதானே! தரையில் விழுந்தது செல்லாது என்று நான் ஏன் எழுதினேன்? கர்ட் எறிந்த பகடை கொதிகலனுக்கு அடியில் போய், இருபது விழுந்தது என்று அவன் சாதித்ததால். நடந்ததா நடக்கவில்லையா என்று யார் பார்த்தார்கள்? நன்றாயிருக்கிறதா என்று பார்த்தோம், கை வைத்தோம். அவ்வளவுதானே.

டிசம்பர் 1, சனி

மூவரும் வந்தார்கள். பா ஹுவாவை நான் போய்க் கூப்பிட்டேன், எதற்கென்று சொல்லவில்லை. நார்பர்ட் உட்காரவில்லை. பலகைக்குப் பக்கத்தில் நின்று, கையைத் தலையில் வைத்துக்கொண்டு சொன்னான். நோயின் பெயரைச் சொன்னான், டாக்டர் சொன்னதைச் சொன்னான், பா ஹுவாவிடம் மன்னிப்புக் கேட்டான். கடைசியில், "யாராவது விட்டுக்குடுத்தீங்கன்னா அன்னியோட நான் வரமாட்டேன்" என்றான்.

கர்ட் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தான். பா ஹுவாதான் முதலில் பேசினாள்.

"நான் வேற மாதிரி நினைச்சுட்டேன் மாமா. உங்களுக்கு என்னைப் பிடிக்கலன்னு."

செய்ராவை எழுப்பிவிடலாமா என்று நானே கேட்டேன். அந்தப் பிரார்த்தனை இருந்தது நிஜம், அதனால் கேட்டேன். பா ஹுவா மறுத்துவிட்டாள். "செத்தவ செத்தவதான் அக்கா. மாமா எழுதின விதி. ஆனா சரியா வழியனுப்பணும். எங்க வீட்ல இதெல்லாம் அரைகுறையா விடமாட்டாங்க, நாள்கணக்குல நடக்கும்."

அதனால் இன்றைய ஆட்டம் முழுக்க ஒரு சாவுதான். ஓல்கன் பூசாரி பிரார்த்தனை சொன்னான். நார்பர்ட் அதை அங்கேயே நின்று கட்டினான், மலைக்கும் இரும்புக்கும் இறந்தவளின் பெயரைச் சொல்லி. அதற்கு எந்தப் புத்தகத்திலும் விதி கிடையாது, தப்புவதற்கு ஒன்றும் இல்லை. கர்ட் மூக்கைச் சிந்தினான், சுரங்கத்துத் தூசி என்றான்.

பிறகு என் யோசனையைச் சொன்னேன். பலகையில் இல்லாத விதியை இனி யார் சொன்னாலும், இருந்ததா இல்லையா என்று சண்டை வேண்டாம். அங்கேயே வாதம். எல்லார் கையும் மேஜைக்கு வந்தால் பலகை ஏறும், ஒரு கை வராவிட்டாலும் கிடையாது. ஏறிவிட்டால் எல்லாருக்கும் பொது, எதிரிகளுக்கும் சேர்த்து.

நார்பர்ட் சந்தேகமாகப் பார்த்தான். "இது எனக்காகப் போடறதா?"

"முறை வரதுக்கு முன்னாடி பகடையைத் தொடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கே, அது யாருக்காகப் போட்டது?"

"எனக்காக" என்றான் கர்ட்.

"நீ கோச்சுக்கிட்டியா?"

"ஒரு மாசம்."

எல்லாரும் சிரித்தோம். நாலு கை மேஜைக்கு வந்தது. உடனே நார்பர்ட் குள்ளன் வழக்கை எடுத்தான். கர்ட் சும்மா விடவில்லை: "இவ்வளவு கவசத்தோட போனா யாரா இருந்தாலும் அடிக்குத்தான் போவான்." "அடிக்குப் போறான்டா, யாரு இல்லன்னா?" என்றான் நார்பர்ட். "சுரங்கத்துலயே பொறந்து வளந்தவன், மூச்சு நீளம். ஆத்துக்கு அடியில நடந்து அந்தப் பக்கம் ஏறுவான். மிதக்கிறவன்தான் மூழ்குவான்." காபி ஆறிப்போகும்வரை வாதம். கடைசிக் கை கர்ட்டுடையது, நிஜமாகவே தோற்றுத்தான் வைத்தான்.

நார்பர்ட் எழுதினான். மருந்துப்புட்டியில் ஒட்டுகிற சீட்டில் எழுதிய அதே கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, நேராக. குள்ளன் மூழ்க மாட்டான்.

"எதிரிக் குள்ளனும்தான். ஞாபகம் இருக்கட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன வார்த்தை அது என்று உறைத்தது. அவன் கண்டுகொள்ளவில்லை.

டிசம்பர் 8, சனி

கர்ட்டை என்ன செய்வது?

நார்பர்ட்டின் பகடை மேஜையிலிருந்து உருண்டு தரைக்குப் போனது. பத்தொன்பது. கர்ட் குனிந்து பார்த்துவிட்டு, "பரவால்ல நார்பர்ட், எண்ணிக்கலாம். ஓரத்துல தட்டித்தான விழுந்துச்சு" என்றான்.

நார்பர்ட் கையை மெதுவாகத் தலைக்குக் கொண்டுபோனான்.

"நீ என்னைப் பெருசுன்னு கூப்பிட்டு ஒரு வாரம் ஆச்சு. இப்ப என்ன திடீர்னு பேரு சொல்றே? நான் செத்துட்டேனா?"

பையை எடுத்துக்கொண்டு படியேறிவிட்டான். கர்ட் கோட்டுகூடப் போடாமல் பனியில் பின்னாலேயே ஓடினான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு பேரும் வண்டிப் பக்கத்தில் நின்று கையை ஆட்டி ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கேட்கவில்லை. நார்பர்ட் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கர்ட் காதெல்லாம் சிவந்து உள்ளே வந்தான். "எனக்குத் தெரியல ஆர்லிஸ். அந்த மூஞ்சியப் பாத்துட்டு எப்படி இல்லன்னு சொல்றது?" பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கெடுத்துவிட்டானே.

வாரம் முழுக்க இந்த எரிச்சலோடு பஸ் ஓட்ட வேண்டும். வருவானா?

டிசம்பர் 15, சனி

வந்தான். உட்கார்ந்தான். எதிரி கதவை உடைக்கிறான் என்று நான் சொன்னதுதான் தாமதம், நார்பர்ட் பகடையை எடுத்தான்.

"பெருசு!" கர்ட் போட்ட சத்தத்தில் பா ஹுவாவின் கோப்பை குதித்தது. "உன் முறையா இது? பலகையில கொட்டை எழுத்துல இருக்கு, கண்ணு தெரியலயா? கீழ வை!"

நார்பர்ட் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பரிசு கொடுத்த மாதிரி இருந்தது. "அவ்வளவு கத்தாதடா, எனக்கு ஞாபகம்தான் போகுது, காது இல்ல" என்றான்.

இன்று இரண்டு விதி கேட்டான். பூசாரிக்கு எப்போதும் இரண்டு முறை உருட்டல்: கர்ட் கை வைக்கவில்லை, பா ஹுவாவும் வைக்கவில்லை, தள்ளுபடி. இன்னொன்று, பிரார்த்தனைக்கு ஒரு அவரைக்கொட்டை முன்னால் வைத்து, செலவானால் கிண்ணத்தில் போடுவது. அது ஏறியது. எல்லாருக்கும்தான்: கர்ட்டின் வாள்வீரனுடைய வெறி வீச்சுக்கும், பா ஹுவாவின் புது மந்திரக்காரிக்கும். இத்தனை வருடம் இதைச் செய்யாமல் எப்படி ஆடினோம் என்றே தெரியவில்லை. நானே எத்தனை தடவை கணக்கை விட்டிருக்கிறேன்.

ஜனவரி 26, சனி

ஏரிக் கோட்டையில் காவல். மூவரும் கதவை அடைத்து, பாலத்தைத் தூக்கி, நிம்மதியாகப் படுத்தார்கள். நான் ஏரித் தண்ணீர் அசைகிறது என்றேன். ஒரு தலை, பிறகு ஒரு வரிசைத் தலைகள். இருபது எதிரிக் குள்ளர்கள் ஏரியின் அடியிலேயே நடந்து வந்து கரையேறினார்கள்.

"இது அநியாயம்!" நார்பர்ட் எழுந்தே நின்றுவிட்டான். "அவ்வளவு கவசத்தோட எப்படிடி வருவாங்க?"

பலகையைக் காட்டினேன். வாசித்தான். மறுபடி வாசித்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான், இருமல் வந்து பா ஹுவா முதுகைத் தட்டும்வரை. "யாரு மாமா கேட்டா இந்த விதிய?" என்று அவள் வேறு ஏற்றிவிட்டாள். கோட்டை போய்விட்டது. வெகுநாளுக்கப்புறம் நல்ல ஆட்டம்.

ஜனவரி 30, புதன்

கொடுங்குளிர். பள்ளி இல்லை, பஸ் இல்லை. தூங்கினேன்.

மார்ச் 9, சனி

நார்பர்ட் இனி வண்டி ஓட்டுவதில்லை. வெர்னா கொண்டுவந்து விட்டாள். மேலே என் சமையலறையில் உட்கார்ந்து பத்திரிகை படித்தாள், கீழே சத்தம் அதிகமாகும்போது மட்டும் படியில் இரண்டு அடி இறங்கி எட்டிப் பார்த்தாள். "சண்டையா?" என்றாள். "சட்டம்" என்றேன்.

பா ஹுவாவை இன்று செய்ரா என்று கூப்பிட்டான். அவள், "சொல்லுங்க மாமா" என்றாள். கர்ட் என்னைப் பார்த்தான். இதற்கு விதி எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, சனி

ஈஸ்டருக்கு முந்தின நாள். வெர்னாவின் அண்ணன் குடும்பம் வந்திருப்பதால் நார்பர்ட் வரவில்லை. அவன் நாற்காலியில் யாரும் கோட்டைப் போடவில்லை.

மே 18, சனி

சுமாரான நாள். முறை வரும்போதெல்லாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டான். சொன்னேன். அவரைக்கொட்டைகளை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தான். போகும்போது, "அடுத்த வாரம் உண்டுதான?" என்றான். உண்டு என்றேன். பயமாக இருக்கிறது, எழுதாமல் இருந்தால் மட்டும் என்ன.

ஜூன் 8, சனி

பள்ளி முடிந்துவிட்டது, பஸ்ஸை ஒப்படைத்தாகிவிட்டது. கீழ்த்தளத்தில் ஜன்னலைத் திறந்து வைத்து ஆடினோம். வெர்னா இப்போது மேலே உட்காருவதில்லை, நார்பர்ட்டுக்குப் பக்கத்து நாற்காலியில் பின்னல் வேலையோடு இருக்கிறாள். சாப்பாடு கர்ட்டுடையது, வெங்காயம் கருகல்.

கதையில் மூவரும் ஒரு கோட்டை அகழியைத் தாண்டினார்கள். கர்ட்டின் வாள்வீரன் காவல்காரக் குள்ளனை அகழிக்குள் தள்ளிவிட்டான். வெயிலில் எனக்கும் மந்தமாக இருந்தது. "தண்ணிக்குள்ள போயிட்டான், ஆள் முடிஞ்சான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

மேஜையை யாரோ தட்டினார்கள். நார்பர்ட். இன்று வந்ததிலிருந்து சரியாக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. விரலைப் பலகைக்கு நீட்டினான்.

"குள்ளன் மூழ்க மாட்டான். அங்க எழுதியிருக்கு. நடத்தறவளுக்கே சட்டம் தெரியலன்னா எப்படி?"

வாஸ்தவம். காவல்காரன் அடியில் நடந்து அந்தப் பக்கம் ஏறி மணியடித்துவிட்டான். கோட்டை முழுக்க விழித்துக்கொண்டது, எல்லாரும் ஓல்கன்மேல் பாய்ந்தார்கள். "பெருசு, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல?" என்று கர்ட் தலையில் அடித்துக்கொண்டான். "விதி விதிதான்" என்றான் நார்பர்ட், ரொம்பத் திருப்தியாக.

பிறகு பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நல்ல விதி. கையெழுத்தும் நல்லாருக்கு. யாரு எழுதினது?"

வெர்னாவின் ஊசி நின்றது. நான் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

"நீதான் நார்பர்ட்."

"நானா?" யோசித்தான். "அப்ப நான் விவரமானவன்தான்."

ஓல்கன் தப்பிக்க உருட்ட வேண்டியிருந்தது. நார்பர்ட் உருட்டினான். பகடை வெர்னாவின் நூல்கண்டில் பட்டுத் தெறித்து, மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. என் காலடியில்தான். இருபது. நான் பார்த்தேன், கர்ட் பார்த்தான், பா ஹுவாவும் பார்த்தாள். யாரும் வாய் திறக்கவில்லை. நான் திறந்திருக்க வேண்டும், நான் எழுதிய விதிதான் அது. திறக்க முடியவில்லை.

"என்ன எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றான் நார்பர்ட். "தரையில விழுந்தது செல்லாது. எடுத்துக்குடு."

எடுத்துக் கொடுத்தேன். மறுபடி உருட்டினான். நாலு.

"நாலு" என்றேன். "ஓல்கன் மாட்டிக்கிட்டான்."

கர்ட் கைதட்டிச் சிரித்தான். ஓல்கன் உயிருக்கு ஒரு பிரார்த்தனை என்று நார்பர்ட் ஒரு அவரைக்கொட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போட்டான். அடுத்த சனிக்கிழமை ஓல்கனைச் சிறையிலிருந்து எப்படி வெளியே எடுப்பது என்று மூவரும் படியேறும்வரை வாதாடிக்கொண்டே போனார்கள்.